வெற்றிலை விட்ட வாரம்

கிளப் செக்கரட்டரி துரை வைன் போத்தலைத் திருப்பி அனுப்பியபோது என் வாய் நிறைய வெற்றிலை இருந்தது. அதனால்தான் கொண்டுவந்த பியூன் தப்பித்தான். பாதி குடித்த போத்தல், தக்கையைக்கூட ஒழுங்காகச் செருகவில்லை. கூடவே இங்கிலீசில் ஒரு கடிதம்.

பதுளைக் கடைவீதியில் ரெங்கசாமி கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். பதினொரு வருஷமாக வெள்ளைக்காரத் துரைமார் கிளப்புக்கு பிஸ்கட்டிலிருந்து பிராந்தி வரைக்கும் என் கடைச் சாமான்தான். கிளப்பைப் பார்த்துத்தான் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களும் என்னிடம் வருகிறார்கள். கிளப் போனால் தோட்டங்களும் போகும். தோட்டங்கள் போனால் நான் கருவாடு விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கடிதத்தைப் பக்கத்துத் துணிக்கடை புவாத் நானா படித்துச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் பேச்சு கொஞ்சம் வரும், எழுத்து வராது.

"இந்த ஸ்பெயின் வைன் வாயில வெக்க முடியலியாம். வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு நீங்க நேர்ல போயி, இதுல என்ன நல்லது இருக்குன்னு சொல்லிக் காட்டணுமாம். இல்லாட்டி அடுத்த மாசத்துலருந்து கிளப் சாமான் நுவரெலியாக் கம்பெனிக்குப் போகுதாம்."

"அவ்வளவுதானா?"

நானா கொஞ்சம் தயங்கினார். "கீழ ஒரு வரி இருக்கு அண்ணே. வெத்தலை போடுற வாய்க்கு வைனப் பத்தி என்ன தெரியும்னு கேட்டிருக்கான்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நான் கோபக்காரன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஏனென்றால் துரை கேட்டது சரியான கேள்வி. மடுல்சீமைப் பக்கத்துக் கிழத்துரை ஒருவர் போன வருஷம் என் கடையில் நின்றுகொண்டு, "ஸ்பெயின் செவப்பு வைன் குடிச்சவன் வேற தொடமாட்டான்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சை நம்பிக் கொழும்பு ஏஜெண்டிடம் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்தேன். கப்பலில் கொழும்புக்கும், ரயிலில் பண்டாரவளைக்கும், அங்கிருந்து மாட்டு வண்டியில் பதுளைக்கும் வந்த பெட்டி. உள்ளே யாருக்கும் தெரியாத பாஷையில் ஒரு கடுதாசி வேறு. போத்தலுக்குள் இருப்பது அமிர்தமா சாக்கடையா என்று எனக்கு எப்படித் தெரியும்? வைன் விற்கிறவன் வைன் குடிக்க வேண்டுமென்று சட்டமா?

வாயைக் கொப்பளித்துவிட்டு, திரும்பி வந்த போத்தலில் ஒரு மிடறு ஊற்றிப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"துரை சொன்னது சரிதான் போல" என்றேன்.

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அங்கிருந்து என் சம்சாரம் பரிமளம் எட்டிப் பார்த்தாள். "உங்க வாய்க்கு எதுங்க தெரிஞ்சிருக்கு? நேத்துக் கொழம்புல போட்டது கத்திரிக்காயா முருங்கக்காயா, சொல்லுங்க பாப்போம்."

எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் என்ன ஞாபகம், சாப்பிடும்போதே தெரிந்திருக்காது. முப்பது வருஷமாகக் காலையில் கண் விழித்ததும் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் அரைத்த வாய் இது. நாக்கு தோல் செருப்பாகிவிட்டிருந்தது.

"சரி, சனிக்கிழமை வரைக்கும் வெத்தலையத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது திங்கட்கிழமை. வெற்றிலைப் பெட்டியை நானாவிடம் கொடுத்து, நான் கெஞ்சினாலும் தரக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே கெஞ்சினேன். மனுஷன் தரவில்லை. அதற்காக அவரை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. தலை இடித்தது, வாய்க்குள் ஊர் காலியான மாதிரி இருந்தது. அரிசி வாங்க வந்த தெமோதரைத் தோட்டத்துக் கங்காணி, "மொதலாளி, சௌக்கியமா?" என்று கேட்டதற்கு, "ஏன், சாகணுமா?" என்று பாய்ந்தேன். தராசோடு சண்டை போட்டேன். புதன்கிழமை பரிமளம் சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு செம்பு. நானும் இருபத்திரண்டு வருஷமாகக் கேலி செய்கிறேன். அன்றைக்குக் கேலி சிடுசிடுப்பாக வந்தது.

"வயித்துல கெணறா வெட்டி வெச்சிருக்க? தெப்பக்குளம் வத்திரும் போ."

அவள் செம்பைக் கவிழ்த்துவைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் வாய் ஏதோ கழுவி விட்ட மாதிரி இருந்தது. சந்தோஷமாகப் புதுப் போத்தல் ஒன்றைத் திறந்து, ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் பாதிக்கு ஊற்றினேன். கத்திரிக்காய்த் தோல் நிறம். ஒரு மிடறு வாயில் விட்டேன். நாக்கு இரண்டு கன்னத்தோடும் ஒட்டிக்கொண்டது. துரு போய்விட்டிருந்தது, ஆனால் முரட்டுத் துவர்ப்பு, வேறொன்றுமில்லை. மூன்று நாள் செத்துப் பிழைத்தது இதற்குத்தானா என்று டம்ளரை மேசையிலேயே விட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. முதல் கவளத்தை வாயில் வைத்தவன் அப்படியே துப்பினேன்.

"என்னாடி இது, உப்பு மூட்டையக் கவுத்துட்டியா?"

பரிமளம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தெரியுதாங்க?" என்று கேட்டாள்.

"தெரியாம? நாக்கு வெந்து போச்சு."

"எப்பவும் போடுற உப்புதாங்க. கல்யாணமான புதுசுல உப்பில்ல உப்பில்லன்னு தட்டத் தள்ளுவீங்க. கொஞ்சம் கூட்டிப் போட்டேன். மறு வருசம் அதுவும் பத்தலன்னீங்க. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்படியே வந்துருச்சு."

"அப்ப நீ?"

"ஒரே சட்டிதான. நானும் அதத்தான் திங்கிறேன்."

"உப்பக் கூட்டுறதுக்கு முன்னாடியே ஒனக்குன்னு கொஞ்சம் எடுத்து வெக்க வேண்டியதுதான?"

"வெச்சேன், ஒரு நாள். புருசனுக்குத் தெரியாம நல்லத ஒளிச்சு வெக்கிறான்னு ஒங்க அம்மா சொன்னாங்க. அதோட விட்டுட்டேன்." அவள் எழுந்து செம்பை எடுத்து, அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது. யார்மீதாவது கோபப்பட்டால் தேவலை என்று பார்த்தால், கோபப்பட ஆள் யாரும் இல்லை, நான் ஒருத்தன்தான். கையைக் கழுவிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். மேசையில் காலையில் வைத்த டம்ளர் அப்படியே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை எடுத்து ஒரு மிடறு குடித்தேன்.

குடித்துவிட்டு நின்றுவிட்டேன்.

அது காலையில் குடித்த வைனே இல்லை. யாராவது மாற்றி வைத்துவிட்டார்களா என்று போத்தலைப் பார்த்தேன். நான் வைத்த இடத்தில்தான் இருந்தது. மறுபடியும் ஒரு மிடறு. இந்தத் தடவை என்னை அறியாமலே வெற்றிலைக்காரன் புத்தி வேலை செய்தது. வெற்றிலை போடுகிறவன் முதல் சாற்றை விழுங்க மாட்டான், துப்பிவிடுவான். துப்பினேன். அடுத்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வெற்றிலை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. முதலில் இலையின் காரம், அப்புறம் பாக்கின் இறுக்கம், கடைசியில் புகையிலை வந்து தலையில் தட்டும். எது முதல், எது நடு, எது கடைசி என்று முப்பது வருஷமாகப் படித்த வாய்.

முதலில் நாவல்பழம் வந்தது. மரத்தடியில் தானாக விழுந்து வெடித்த கனிந்த நாவல்பழம். அது போகிறபோது துவர்ப்பு வந்து நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்தது, ஆனால் காலையில் போல முரட்டுப் பிடி இல்லை, பால் விடாத நல்ல சாயத் தேத்தண்ணீரின் பிடி. சரி முடிந்தது என்று விழுங்கினேன். முடியவில்லை. தொண்டைக்குள்ளிருந்து கிராம்பும் மிளகுமாக ஒரு சூடு மேலே ஏறி வந்து மூக்கில் நின்றது.

"நானா" என்று கத்தினேன். "நானா, ஓடி வாங்க."

புவாத் நானா அளவுகோலோடு ஓடி வந்தார். "வெத்தலை கேக்காதீங்க, தரமாட்டேன்."

"வெத்தலை யாருக்கு வேணும்? இது மூணு சாமான் நானா. ஒண்ணு இல்ல. மூணு வேற வேற பழம். ஒண்ணு வருது, ஒண்ணு புடிக்குது, ஒண்ணு நிக்குது."

"எங்களுக்கு அது ஹராம், நான் மோந்தும் பாக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். முருகன் கோயில் முக்கு வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தேன், அந்தக் கிராம்பு இன்னும் வாயிலேயே இருந்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. கடைவீதியில் நான் சிரித்துக்கொண்டே நடந்து போனதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஒரு போத்தலைத் திறந்தேன். வியாழக்கிழமை டம்ளர் அரை நாள் திறந்து கிடந்த மாதிரி இதற்கும் நன்றாகக் காற்றுப் படட்டும் என்று, மிட்டாய் போடும் வாயகன்ற கண்ணாடி ஜாடியைக் கழுவித் துடைத்து அதில் ஊற்றினேன். நாலு மணிக்கு ஜாடி ஒரு கை, நான் வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கம் ஒரு கை என்று கிளப் படியேறினேன். பதினொரு வருஷத்தில் வராந்தாவைத் தாண்டி உள்ளே போனது அதுதான் முதல் தடவை. ஏழெட்டுத் துரைமார். மிட்டாய் ஜாடியைப் பார்த்துச் சிரித்தார்கள். மூலை நாற்காலியில் மடுல்சீமைக் கிழத்துரை இருந்ததைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

செக்கரட்டரி துரை தோட்டத்துத் தமிழில் சொன்னார். "எல்லாக் கடைக்காரனும் அவன் சாமான் நல்லதுன்னுதான் சொல்லுவான். இதுல என்ன இருக்கு, அத சொல்லு."

ஜாடியிலிருந்து ஊற்றினேன். வாயில் விட்டேன். படிக்கத்தை எடுத்துத் துப்பினேன்.

ஒரு துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். செக்கரட்டரியின் முகம் சிவந்தது. "பாத்தீங்களா? அவனே துப்புறான்" என்று மற்றவர்களிடம் இங்கிலீசில் சொன்னார்.

மூலையிலிருந்து கிழத்துரை கையை உயர்த்தினார். "உக்காருங்க. ஸ்பெயின்ல வைன் ருசி பாக்குறவன் எல்லாம் இப்படித்தான் துப்புவான். நான் அங்க நாலு வருஷம் வேலை பாத்தேன். அவன் சொல்லட்டும்."

அடுத்த மிடற்றைக் கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றொன்றாகச் சொன்னேன். நாவல்பழத்தைச் சொன்னேன். துவர்ப்பைச் சொன்னேன். விழுங்கிவிட்டு விரலைத் தூக்கிக் காத்திருந்து, கிராம்பு வந்ததும் அதையும் சொன்னேன். "இது ஒரு பழத்துச் சாறு இல்லீங்க தொரை. மூணு பழம். அளவு பாத்துச் சேத்திருக்கான். தொறந்த ஒடனே குடிச்சா மூணும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். காலையில தொறந்து காத்துல வெச்சா ஒண்ணுக்கொண்ணு வழி விடும்."

"மூணு பழமா? உனக்கு யார் சொன்னா?" என்று செக்கரட்டரி கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க, நாக்குதான் சொல்லுச்சு. பெட்டிக்குள்ள ஒரு கடுதாசி இருந்துச்சு. எந்தப் பாஷைன்னே இங்க யாருக்கும் தெரியல, நீங்களே பாருங்க." மடியிலிருந்து எடுத்து நீட்டினேன்.

கிழத்துரை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கினார். அவர் கடிதத்தில் விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். "தெம்ப்ரனியோ. கர்னாச்சா. மசுவேலோ." பிறகு மூன்று விரலைக் காட்டினார். "மூணு திராட்சை. பேர் போட்டிருக்கு."

செக்கரட்டரி ஒரு கிளாசை எடுத்தார். ஜாடியிலிருந்து தானே ஊற்றிக் குடித்தார். சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, கிளாசை மறுபடியும் ஜாடிப் பக்கம் நீட்டினார். நான் ஊற்றினேன்.

"இன்னொரு பெட்டிக்கு எழுது" என்றார். "நுவரெலியாவுக்கு நான் எழுதிக்கிறேன், வர வேண்டாம்னு."

வீட்டுக்கு நான் நடந்து வரவில்லை, ஓடி வந்தேன். படிக்கம் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. கடை வாசலில் புவாத் நானா வெற்றிலைப் பெட்டியோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தானே இலைக்குச் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து நீட்டினார். "இந்தாங்கண்ணே, நம்ம சத்தியம் முடிஞ்சுது."

ஐந்து நாளாக அதற்குத்தான் தவித்தேன். வாங்கினேன். வாய்வரை கொண்டுபோனேன்.

"சாப்ட்டுட்டுப் போடுங்க" என்று உள்ளேயிருந்து பரிமளம் கூப்பிட்டாள். மடித்த வெற்றிலையை மடியில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கிளப்பில் நடந்ததெல்லாம் சொன்னேன். துரை கிளாசை நீட்டினதை இரண்டு தடவை சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே சோற்றைப் போட்டு, பருப்பையும் கத்திரிக்காய்க் குழம்பையும் ஊற்றினாள்.

"உப்பு இருக்காங்க?" என்று கேட்டாள்.

தினமும் கேட்கிற கேள்விதான். தினமும் நான் வாயில் வைப்பதற்கு முன்னாலேயே, "போடு, போடு" என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு ஒரு கவளம் எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக் காத்திருந்தேன். முதலில் புளி வந்தது. அப்புறம் வதக்கின கத்திரிக்காய், அதற்குப் பின்னால் வெந்தயம். எல்லாவற்றுக்கும் நடுவே, இருக்க வேண்டிய அளவில் உப்பு.

"இருக்கு" என்றேன். "நீயும் ஒக்காரு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, அதே சட்டியிலிருந்து போட்டுச் சாப்பிட்டாள். மெதுவாகத்தான் சாப்பிட்டாள். நான் கிளப் கதையை மூன்றாவது தடவை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் பக்கத்தில் வைத்திருந்த செம்பில் தண்ணீர் விளிம்புவரைக்கும் அப்படியே இருந்தது.

அந்த வெற்றிலை என் மடியிலேயே வாடிப்போயிற்று.