அட்டையில் வரைந்த கீபோர்டு

திருட்டுக் காப்பி போட்டவர்கள் ஒளிந்துகொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? என் தலையெழுத்து, எங்கள் தி. நகர் ஆபீசுக்கே போன் போட்டுப் புகார் சொன்னார்கள்.

"சார், உங்க தமிழ் சாஃப்ட்வேர்ல பிரிண்ட் எடுத்தா கடைசி வரி வெட்டுப்படுது. திருவல்லிக்கேணி, ஹாஜிரா பீ டைப்பிங் சென்டர்."

"லைசென்ஸ் நம்பர் சொல்லுங்கம்மா."

"அதெல்லாம் இன்னா தெரியும் சார்? அன்வர் பாஷா பிரஸ்ல ஃப்ளாப்பி வாங்கி ஏத்துனது."

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வருடம் உயிரைக் கொடுத்து எழுதி, தொண்ணூற்றாறில் வெளியிட்ட புரோகிராம் அது. கீபோர்டில் எழுத்துகளை அடுக்கிய வரிசைகூட என் சொந்த வரிசை. ஊரெல்லாம் காப்பி, காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒன்பதே பேர். எங்களிடம் வாங்குவதாக இருந்த மயிலாப்பூர் வாரப் பத்திரிகையும் ஒரு பம்பாய்க் கம்பெனியிடம் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டது. அதுவும் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். புதுப் பதிப்பில் பூட்டு வைப்போம், காப்பி எடுத்தால் ஓடாது என்றான் கூட்டாளி குருபிரசாத். முதலில் அந்த அம்மாவை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

மறுநாள் படியேறிக் கம்பெனிப் பெயரைச் சொன்னதும் ஹாஜிரா பீ எழுந்து வந்தார்.

"நேத்துதான் போன் போட்டேன், இன்னிக்கே ரிப்பேருக்கு வந்துட்டீங்களே. உக்காருங்க சார்."

டீ வந்தது. கேட்க வந்த நாலு கேள்வியையும் டீயோடு சேர்த்துக் குடித்தேன்.

கம்ப்யூட்டர் இரண்டு; பெண்கள் பதினாறு பேர். முறை வராதவர்கள் பாயில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, அதில் வரைந்திருந்த கட்டங்களை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். என் வரிசை. ஒரு எழுத்துகூட இடம் மாறவில்லை. சண்டைக்கு வந்தவன் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

ஷாகிரா என்ற பெண் தயங்கிக் கேட்டாள்: "சார், வெள்ளிக்கெழம மயிலாப்பூர் பத்திரிகைல டைப்பிங் டெஸ்ட். அங்க வேற சாஃப்ட்வேராம். எங்களுக்கு இது மட்டுந்தான் தெரியும். வேலை கிடைக்காதா?"

கடைசி வரியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு இறங்கினேன்.

சனிக்கிழமை பத்திரிகை மேனேஜர் ஸ்ரீரங்கன் போன் செய்தார்.

"என்ன வசியம் பண்ணினீர், சுயம்புலிங்கம்? டெஸ்டுக்குப் பன்னெண்டு பேர் வந்தா. பதினோரு பேருக்கு உம்ம கீபோர்டுதான் தெரியறது. பம்பாய்க்காரன்கிட்ட வாங்கிண்டு, அடிக்க ஆளுக்கு நான் எங்கே போறது? ஆறு செட் அனுப்பும். திரும்ப டெஸ்ட் வெக்கறேன்."

"ஷாகிரான்னு ஒரு பொண்ணு வந்துதா சார்?"

"அவதானே எழுந்து நின்னுண்டு, 'எங்க சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்க சார், அடிச்சுக் காட்டறேன்'னா."

எங்க சாஃப்ட்வேர். போனை வைத்தபோது கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

பூட்டு வேலையை எப்போது ஆரம்பிக்கலாம் என்று குருபிரசாத் கேட்டான்.

"வேணாம்டா. திருவல்லிக்கேணியில இருக்கறது பழைய காப்பி. புதுசை ஃப்ளாப்பியில ஏத்து, கொடுத்துட்டு வந்துடறேன்."