கொடுக்கும்போது பாசிட்டிவ்

என் மகள் சுபிதா கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்தவள். ஓ பாசிட்டிவ் என்று அன்றைக்கே கார்டு தந்தார்கள். இப்போது அவள் கர்ப்பம், ஏழாம் மாதம். டாக்டரம்மா அவளை நெகட்டிவ் என்று வைத்து ஊசி போட வேண்டும் என்கிறார்.

"ஊசி விக்கியதுக்கு ஒரு கதை," என்றேன் நேராகவே.

டாக்டரம்மா கோபப்படவில்லை. ரத்தத்தில் ஆர்ஹெச் என்று ஒரு சங்கதி உண்டாம். சுபிதாவுக்கு அது இருக்கிறது, பலம் குறைவு. பிறருக்குக் கொடுக்கும்போது பாசிட்டிவ். பிள்ளை சுமக்கும்போது நெகட்டிவ் என்று எடுப்பதுதான் பத்திரமாம். மருமகன் பாசிட்டிவ், பிள்ளைக்கும் அது வரலாமாம். பிள்ளையின் ரத்தம் இவளுக்குள் கலந்தால் இவள் உடம்பு அதோடு சண்டைக்கு நிற்குமாம். ஊசி போடாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்தாம்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு ரத்தமா? எழும்பு மக்களே, போவோம்," என்றேன் மகளிடம்.

சுபிதா எழும்பவில்லை. "அப்பா, மழைத்தண்ணி கலந்த ரப்பர் பாலை கடைக்காரன் தண்ணின்னு தள்ளுவான். அதே பால் சட்டையில விழுந்தா கறை போவுமா?"

இது அப்படியே அவள் அம்மா தாணம்மாளின் பேச்சு.

அருமனையில் நானும் தாணம்மாளும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன காலம். நெற்றியில் விளக்கைக் கட்டி நான் வெட்டுவேன். அவள் பால் வடியும் சிரட்டையைத் துடைத்து வைத்தபடி பின்னால் வருவாள். "மரத்தை வெட்டுதியளா, சொறியுதியளா?" என்பாள். சிரிப்பு தோட்டம் முழுக்கக் கேட்கும். சுபிதா வயிற்றில் இருந்தபோதும் வாளியை என்னிடம் தரமாட்டாள். மரத்தடியில் உட்கார்ந்து ஒரே டம்ளரில் பால் விடாத கட்டன்சாயா குடிப்போம்.

இரண்டாவது பிள்ளை பையன், மஞ்சளாகப் பிறந்தான். பேறு பார்த்தவள் இளவெயிலில் காட்டச் சொன்னாள். தாணம்மாள் அவனை மடியில் போட்டு, வெயில் நகர நகர முற்றத்தில் நகர்ந்தாள். "பாருங்க, இன்னைக்கு வெளுத்திருக்கான்" என்பாள். அவன் வெளுக்கவில்லை, பிழைக்கவும் இல்லை. யாரும் அவள் ரத்தத்தைப் பார்க்கவில்லை. பிறகும் வேலைக்கு வந்தாள், கேலி பேசவில்லை.

"எனக்க தாணம்மாளுக்கும் இதுதானா?" என்று பையன் கதையைச் சொல்லி டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கலாம் ஐயா. இப்போ உறுதியா சொல்ல முடியாது."

ஊசி விற்க வந்தவள் என்றால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள்.

"போடுங்க. மருந்தை எனக்க முன்னால பிரிக்கணும்."

"இடுப்புல போடுத ஊசிப்பா," என்றாள் சுபிதா. "வெளிய நில்லுங்க."

நர்ஸ் உறையைக் கிழிக்கும்வரை நின்று பார்த்தேன். பிறகுதான் வெளியே வந்தேன்.