பதினாறு தட்டு

டைம்கீப்பருக்கு மேல்வரிசையில் நாலு பல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், பல் டாக்டர், அவர் மனைவி. வேறு யாருக்காவது பல் செட் என்றால் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். தனக்கு என்றதும் கமுக்கமாக இருந்துவிட்டார்.

வாரத்தில் ஐந்து நாள் அவருக்கு பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுகிற உத்தியோகம். பெயர் அப்படி வந்ததுதான். மீதி இரண்டு நாள், ஆறு பேர் கொண்ட பழைய பாணி ஜாஸ் குழுவின் தலைவர், டிரம்பெட்காரர். இந்த ஜாஸில் டிரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகும். கிளாரினெட்டும் டிராம்போனும் அதன் மேலும் கீழும் பின்னிக்கொண்டே வரும். டிரம்பெட் தடுக்கி விழுந்தால் மற்றவை சந்தையில் அம்மா கையை விட்ட பிள்ளைகள் மாதிரி திருதிருவென்று விழிக்கும். அதனால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக.

கிளாரினெட் வாசிப்பவன் மனைவியின் தம்பி, தபால்காரன். போன வாரம் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"என்ன மாமா, மேல் சுரத்துக்குப் போகவே மாட்டேங்குறீங்க? முடியலேன்னா சொல்லிடுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் டிரம்பெட்ல பிச்சு உதறுறான்."

"உங்க ஆபீஸ்ல முதல்ல கடுதாசி ஒழுங்கா போய்ச் சேருதான்னு பாரு."

வாய்க்கு வாய் கொடுத்தாரே தவிர, வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. வரப்போகிற இசை விழாவில் ஒரு சுரம் பிசகினால் போதும், டிரம்பெட் கைமாறிவிடும். மேல் சுரத்துக்கு டிரம்பெட்டை உதட்டில் அழுத்த வேண்டும்; அந்த அழுத்தத்தைப் பல் செட் தாங்க வேண்டும்.

மனைவி டிரம்ஸ் வாசிப்பாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. நாளெல்லாம் ஈரப் போர்வையை உதறி உதறிக் கை உரமேறியிருந்தது. இந்த ஜாஸில் ஒரு வழக்கம்: பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் மட்டும் தனியாகப் பதினாறு தட்டு தட்டும், உடனே எல்லோரும் பாய்ந்து வந்து கடைசி வரியை இன்னொரு முறை வாசித்து முடிப்பார்கள். பதினேழாவது தட்டுக்கு அவர் விட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டுமாங்க?" என்று எப்போதோ ஒரு தரம் அவள் கேட்டாள். "டிரம்ஸைக் கேக்கவா ஜனங்க வர்றாங்க?" என்றார். அப்புறம் அவள் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பதினாறுதான்.

விழா பூங்காவில். அவர்களுக்குக் கிடைத்தது மத்தியான வெயிலில் மூன்றே முக்கால் மணி; மேடைக்குத் தகரக் கூரை. மடக்கு நாற்காலிகளில் பாதி காலி. ஐந்து பாட்டு வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. காலையில் பல் செட்டில் பசையைத் தாராளமாகவே பிதுக்கியிருந்தார். ஆனால் பசைக்கும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டல்லவா? ஆறாவது பாட்டு, அதுதான் கடைசி, எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் மேல் சுரத்துக்காக டிரம்பெட்டை உதட்டில் அழுத்தினார். உள்ளே ஏதோ நழுவியது. நாக்கால் முட்டுக் கொடுத்து எப்படியோ வரியை முடித்தார். கடைசிச் சுரம் வெறும் காற்றாகப் போயிற்று. தபால்காரன் திரும்பிப் பார்த்தான்.

இனி டிரம்ஸின் பதினாறு தட்டு. வினாடிக்கு மூன்று தட்டு. மொத்தம் ஐந்து வினாடி சொச்சம். பல் செட்டை இருபது வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. கணக்கு டைம்கீப்பருக்கு உடனே விளங்கியது. மானம் போயிற்று என்று நினைத்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கைக்குட்டையை வாயில் வைத்துக் கட்டைவிரலால் மேலே அழுத்தினார்.

திரும்பிய இடத்தில் மனைவி இருந்தாள். அவர் கைக்குட்டையை அவள் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பதினாறு வந்தது. அவள் நிறுத்தவில்லை. டியூபாக்காரர் ஊதத் தயாராக வாயில் வைத்த அந்தப் பெரிய குழலை இறக்கினார். முப்பத்திரண்டு. அறுபத்து நாலு. பசை பிடித்துக்கொண்டது. அவள் காப்பாற்றிவிட்டாள் என்று அவருக்குக் கண் கலங்கியது.

முன்பக்கம் திரும்பி டிரம்பெட்டைத் தூக்கி உதட்டருகே வைத்து, தலையைத் திருப்பி, நான் தயார் என்று தலையாட்டினார். அவள் அவரை நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

மறுபடியும் தலையாட்டினார். அவள் பித்தளைத் தாளமான சிம்பலுக்குப் போனாள், அங்கிருந்து பெரிய டிரம்முக்கு வந்தாள், விளிம்பில் குச்சியால் தட்டினாள், சத்தத்தைக் குறைத்துக் குறைத்து ஒற்றைத் தட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி எழுப்பினாள். ஐஸ்கிரீம் வண்டிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். காலி நாற்காலிகள் நிறைந்தன. நூற்று நாற்பதுக்கு மேல் டைம்கீப்பருக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அப்படித் தவறுவது அதுவே முதல் தடவை. தோள்பட்டை வலித்தது. முதலில் கோபம் வந்தது, பிறகு பொறாமை வந்தது. எப்போதும் முன்னால் நின்றே வாசிப்பவர். வாசிக்கும்போது அவள் முகம் எப்படியிருக்கும் என்று இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். அவ்வளவு சந்தோஷத்தை வீட்டில் அவர் கண்டதில்லை. டிரம்பெட்டைத் தூக்கியபடியே நின்றார்.

அவளுக்குப் போதும் என்று தோன்றியபோதுதான் நிறுத்திக் குச்சியை உயர்த்தினாள். எல்லோரும் பாய்ந்தார்கள். மேல் சுரம் பளிச்சென்று வந்தது. ஆனால் எழுந்து நின்ற கூட்டம் பார்த்தது அவரையல்ல.

"அக்கா, எங்கே ஒளிச்சு வச்சிருந்தே இதை?" என்றான் தபால்காரன். டிரம்பெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாமான்களை வேனில் ஏற்றும்போது டைம்கீப்பர், என்றுமில்லாத வழக்கமாக, பெரிய டிரம்மைத் தானே சுமந்து வந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"நான் ரெடியாயிட்டேன்னு தலையாட்டினேனே, நீ பாக்கலையா?"

"பாத்தேனே." சிம்பலைக் கழற்றித் துணியில் சுற்றினாள். "அடுத்த தடவை பசையைக் கொஞ்சம் கம்மியாவே போடுங்க."