இரண்டு பட்டறைக்கு ஒரு குழி

மூன்றாவது சுண்ணாம்பு டப்பாவையும் குழிக்குள் கவிழ்த்தான் சூசைநாதன். கம்பால் கலக்கிவிட்டுச் சோதனைத் தாளை முக்கினான். சிவப்பு. ஆசிட் அப்படியே இருந்தது.

மணி ஒன்பது. பதினொன்றுக்குக் கம்பெனி அதிகாரி வந்துவிடுவாள்.

"தேக்கா மார்க்கெட்டுல வெத்தலைக் கடைங்கள்ல இருந்த சுண்ணாம்பு மொத்தமும் இவ்வளவுதாங்க," என்றாள் மனைவி ரோசம்மா. டாக்சியிலிருந்து இறங்கி ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் அவனுடைய முலாம் பூசும் பட்டறை ஓடுவதே அந்த அமெரிக்கக் கம்பெனியின் திருகாணிகளால்தான். 1984 பிறந்ததும் கம்பெனி புது விதி போட்டது. கழிவைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடும் பட்டறைக்கு இனி ஆர்டர் கிடையாது. தனியாகச் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட முடியாதவர்கள் பக்கத்துப் பட்டறையோடு சேர்ந்து கட்டலாம். கெடு, டிசம்பர்.

பக்கத்துப் பட்டறை அப்துல் கஃபார் அன்றைக்கே வந்து கூப்பிட்டார். அவரும் அதே கம்பெனிக்குத்தான் முலாம் பூசுகிறார். சூசைநாதன் மறுத்துவிட்டான். முலாம் பளபளக்கத் தான் என்ன கலக்கிறான் என்பதைக் கழிவை மோந்தே மனிதர் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம். கஃபார் தனியாகக் கட்டிக்கொண்டார்.

இப்போது ஜூன்தான். ஆனால் நேற்று மாலை போன் வந்தது: நாளைக்கே சோதனை, தேறாதவர்களுக்கு டிசம்பர்வரை அவகாசம் கிடையாது, தண்ணீர் எடுப்பது இரண்டு பட்டறைக் கழிவும் வந்து சேரும் பின்புறக் குழியில்.

சுண்ணாம்பும் பலிக்காததால், வேறு வழியில்லாமல் கஃபாரிடம் போய் நின்றான். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. தன் பம்பைத் தூக்கி வந்து குழிக்குள் இறக்கினார்.

"என் தொட்டி இவ்வளவு தாங்காது சூசை. பரவால்ல, இறைச்சுப் பாப்போம்லா."

தாங்கத்தான் இல்லை. இரண்டு மணி நேரம் இறைத்தும் குழி தெளியவில்லை. அதுவரை சுத்தமாக இருந்த அவர் தொட்டியும் கெட்டது. அதிகாரி வந்து குழியில் ஒரு தாள், தொட்டியில் ஒரு தாள் முக்கினாள். இரண்டும் சிவந்தன. கஃபாரைத் தனியே அழைத்து ஏதோ சொன்னாள். பிறகு இருவருக்கும் பொதுவாக அறிவித்தாள்: திங்கட்கிழமையிலிருந்து திருகாணிகள் ஜூரோங்கில் வேறொரு பட்டறைக்குப் போகும்.

கார் போன பிறகு கஃபார் குழியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சூசைநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிரு தம்பி. என்னாலதான் உனக்கும் போச்சு. என் தொட்டி வெறும் கண்துடைப்பு, உடனே வந்து பாருங்கன்னு எவனோ கம்பெனிக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கானாம். அதான் கெடுவுக்கு முன்னாடியே வந்துட்டாங்க."

ரோசம்மா கணவனைப் பார்த்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நான்தான் பாய் எழுதுனேன். உங்க தொட்டியை மட்டும் பாப்பாங்கன்னு நெனச்சேன். உங்க ஆர்டரும் எனக்கு வரும்னு."