பென்சில்காரரின் மரணமும் அதற்குப் பிந்தைய குறிப்புகளும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய் ஒன்றுமில்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், நூலகக் கவுன்டரில் உட்கார்ந்தபடி, ஒரு பெண் தன் வலைப்பூவில் அளந்துவிட்ட பொய். அந்தப் பெண் நான்தான். ஆனால் இத்தனை வருஷமாக அந்த வலைப்பூவில் ‘நான், நான்’ என்று எழுதி எனக்கே என்மேல் சலிப்புத் தட்டிவிட்டது. அதனால் இந்த ஒரு பதிவில் மட்டும் ‘அவள்’. நடுவில் எங்காவது நான் எட்டிப் பார்த்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

தொடங்குவதற்கு அவள் செய்த முயற்சிகள்:

‘புத்தகங்கள் நம்மோடு பேசும் என்பார்கள்—’ (எவர் சொன்னது? இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட வாயைத் திறந்ததில்லை. தும்மல்தான் வரவழைத்திருக்கின்றன.)

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்—’ (வெயில் மண்டையைப் பிளந்தது.)

‘ஒரு நூலகர் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம்.’

இது நிற்கட்டும்.

2

அவள் வலைப்பூ தொடங்கிய காலத்தில் எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஆளுக்கொரு வலைப்பூ வைத்திருந்தார்கள். அவளுடைய முதல் பதிவுக்கு வந்த ஒரே பின்னூட்டம், முடி உதிர்வுக்குத் தைலம் விற்பவருடையது. அவள் உணர்ச்சிவசப்பட்டு நன்றி சொல்லிப் பதில் எழுதினாள்.*

பிறகு ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிவிட்டு வீடியோ எடுக்கப் போய்விட்டார்கள். அவள் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள். அதற்கு விடாமுயற்சி என்றெல்லாம் பெயர் வைக்க வேண்டாம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் கதவைத் திறந்து விளக்கைப் போடுவது நூலக உத்தியோகம். அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. பழைய பதிவுகளை இப்போது எடுத்துப் படித்தால், யாரோ ஒரு அதிகப்பிரசங்கி எழுதியதுபோல் இருக்கிறது. ஆனாலும் ஒன்றையும் நீக்க மனம் வருவதில்லை.

* அந்தத் தைலத்தை அவள் வாங்கவும் செய்தாள். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

3

எழுத ஒன்றுமே கிடைக்காத அந்த மதியம்தான் பென்சில்காரர் பிறந்தார். நூலகத்துக்குத் தினமும் வருகிற ஒரு வாசகர். புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுத்தாளர்களோடு சண்டை போடுகிறவர் என்று அவள் எழுதினாள். ‘அதிகாலையில் எழுவது எப்படி’ என்ற அத்தியாயத்தின் பக்கத்தில் ‘எதற்கு?’ என்று எழுதினாராம். துப்பறியும் நாவலின் தொடக்கத்திலேயே ‘சமையல்காரன்தான் கொலைகாரன், நேரத்தை வீணாக்காதீர்கள்’ என்றாராம். காதலனுக்காக ரயில் நிலையத்தில் பக்கம் பக்கமாகக் காத்திருந்த கதாநாயகிக்கு, ‘வீட்டுக்குப் போம்மா’.

இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனால் செத்துக் கிடந்த வலைப்பூவுக்கு உயிர் வந்துவிட்டது. ‘இன்று அவர் என்ன எழுதினார்?’ என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் கேட்டார்கள். அவளும் ஒன்று கேட்டால் இரண்டாகக் கொடுத்தாள்.

அப்புறம்தான் வந்தது வினை. நூலகத்தின் உண்மையான புத்தகங்களில் உண்மையான பென்சில் எழுத்துகள் முளைக்கத் தொடங்கின. விதவிதமான கையெழுத்துகள். வரி விளக்கப் புத்தகத்தில் ஒருவர் ‘ஐயோ’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

4

இந்த இடத்தில் தலைமை நூலகரைக் கொண்டுவர வேண்டும். வலைப்பூவில் அவருக்கு அவள் வைத்த பெயர் ‘அழிப்பான்’. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும். மாலையில் திரும்பி வந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கோடு, கிறுக்கல் எல்லாவற்றையும் அழித்து, தூளை ஊதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

(இவரைக் கொடுமைக்காரராக எழுதிவிடலாம், கதைக்கு வசதி. ஆனால் ரப்பர் தூளை அவரே கூட்டி அள்ளுவார். அப்படிப்பட்டவரை எப்படிக் கொடுமைக்காரர் ஆக்குவது?)

ஒருநாள் அவர் ஒரு புதுப் பூட்டைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, எவனோ பென்சில் வெச்சுக்கிட்டு ஆடுறான். திங்கட்கிழமைக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லேன்னா அலமாரிப் பக்கம் யாரையும் விடப் போறதில்ல. கதவைப் பூட்டிருவேன். என்ன புத்தகம் வேணும்னு சீட்டுல எழுதிக் குடுக்கட்டும், நாம எடுத்துக் குடுப்போம்."

என்ன வேண்டும் என்று தெரியாமல் வருகிறவர்கள்தான் பாதிப் பேர். அலமாரிகளுக்கு இடையில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சும்மா நடந்து, தேடாத ஒன்றோடு வெளியே வருவார்கள். அவர்கள் சீட்டில் என்ன எழுதுவார்கள்? அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகத்தான் நான்— சரி, அவள்— இந்த வேலையிலேயே இருக்கிறாள்.

5

வீட்டில் சொன்னாள். கணவர் வலைப்பூவைப் படிப்பதில்லை. ‘நீ எழுதுறதைத்தான் நேர்லயே கேட்டுக்கிட்டு இருக்கேனே’ என்பது அவர் கட்சி.

"இல்லாத ஆளை எப்படிங்க புடிச்சுக் குடுக்கறது?"

"இல்லாத ஆள்தானே? சாகடிச்சிடு. அவரு போனா மத்தவங்களும் விட்டுருவாங்க."

அவளுக்கும் அது சரியாகப் பட்டது. அன்றே பென்சில்காரரைத் தூக்கத்தில் அமைதியாகச் சாகவிட்டாள். எழுதும்போது கொஞ்சம் அழுகைகூட வந்தது. வெட்கக்கேடு.

மறுநாள் நிலவியல் புத்தகத்தின் ஓரத்தில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. அகராதியில் ‘ம’ வரிசையில் ‘மரணம்’ என்ற சொல்லின் பக்கத்தில் ‘அவரைப் போல் இனி யார்?’ இருந்த கிறுக்கலைவிட இரங்கல் அதிகமாகிவிட்டது.

6

இங்கே முடிக்க இரண்டு வரைவுகள் இருக்கின்றன.

அ. அவள் உண்மையைச் சொல்கிறாள். கிடங்கு அறைக்கு மாற்றப்படுகிறாள். அங்கே எலிகளைப் பற்றி எழுதி மேலும் புகழ்—

ஆ. திங்கட்கிழமை பூட்டு விழுகிறது. வாசகர்கள் சீட்டோடு வரிசையில்—

முதலாவது பெருமை பீற்றல். இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

7

ஞாயிறன்று மாலை, கூட்டம் போனபிறகு, தலைமை நூலகர் ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தோடு வந்தார். விரித்து அவள் முன்னால் வைத்தார். ‘தொட்டிச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது தவறு’ என்று அச்சிட்டிருந்தது. அதன் பக்கத்தில், நடுங்கும் பென்சில் எழுத்தில்:

‘என் மனைவி தினமும் ஊற்றினாள். நன்றாகத்தான் இருந்தது. இப்போது நானும் தினமும் ஊற்றுகிறேன்.’

முதல் சொல் மட்டும் மங்கியிருந்தது. அழிக்கத் தொடங்கி நிறுத்தியிருக்கிறார்.

"இதையும் உன் ஆளா எழுதினாரு?"

"இல்ல சார். அவரு செத்துட்டாரு." வாய் தவறி வந்துவிட்டது.

"தெரியும். படிச்சேன்."

"சார்... நீங்க..."

"ஆரம்பத்துலேர்ந்து படிக்கிறேன். அந்தத் தைலக்காரனுக்கு நன்றி சொன்னே பாரு, அப்பவே இது தேறாதுன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் சார் ஆளைக் கண்டுபிடின்னு சொன்னீங்க?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா அவரைக் கொன்னுட்டே."

"அந்த அழிப்பான்ங்கிற பேரு..."

"விடு. வீட்டுல இதைவிட மோசமா கூப்பிடுறாங்க."

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவளுடைய பென்சிலைக் கேட்டு வாங்கினார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து பிறர் எழுதியதை அழித்தே வந்த மனிதர், அந்த எழுத்துக்குக் கீழே, சின்னதாக, வெட்கத்தோடு எழுதினார்: ‘என்ன செடி?’

"பதில் வர்ற வரைக்கும் அலமாரி திறந்திருக்கட்டும். அவரு வந்து எடுக்கணும்ல. வந்ததுக்கு அப்புறம் பூட்டிக்கலாம்."

8

திங்கட்கிழமை புத்தகம் அலமாரிக்குப் போனது. பூட்டு அவள் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவியது. இன்று காலை அவள் போய்ப் பார்த்தபோது அந்த இடம் காலி. யாரோ இரவல் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; பெயர், முகவரி எல்லாம் திரையில் வந்துவிடும். இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவும் கிடைத்துவிடும். நான் அழுத்தவில்லை. (‘அவள்’ எங்கே என்று கேட்காதீர்கள். இதை நான்தான் செய்யவில்லை.)

ஒருவேளை புத்தகம் உங்களிடம் இருந்தால், செடியின் பெயரை எழுதுங்கள். சார் தினமும் அலமாரிப் பக்கம் போய்ப் பதில் இல்லாமல் திரும்பி வருகிறார், பாவம். ஆனால் பதில் வந்த அன்றே பூட்டு விழும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதனால் பெயரை எழுதிவிட்டு, கீழே அவரிடம் நீங்களும் ஏதாவது ஒன்று கேட்டு வையுங்கள். இடம் நிறைய இருக்கிறது.