பால் பொங்கிய தூரம்

எங்கள் செம்பாறைப்பட்டியில் பால் பொங்கி வழிந்த இடம்தான் வீடு. மற்ற ஊர்களில் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு அதற்குள் பால் காய்ச்சுவார்கள். எங்கள் ஊரில் கட்டுவதற்கு மனையே இல்லாமல் போனதும் பேரூராட்சி கூடிப் பேசி, கட்டுவதை மட்டும் விட்டுவிட்டு மீதியை வைத்துக்கொண்டது. பால் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவும் வீடு. ஈரம் காய்வதற்குள் சர்வேயர் ஜெபமாலை மேடம் டேப்பைப் போட்டு அளந்து கதவு எண் எழுதிக் கொடுத்துவிடுவார். சுவரும் கூரையும் அவரவர் வசதி.

விதிகள் அதிகமில்லை. குடியிருக்கப் போகிறவரே அடுப்பைப் பற்றவைத்து, பொங்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். பால் தானாகப் பொங்க வேண்டும், கவிழ்த்து ஊற்றினால் செல்லாது. கெட்டிப் பாலில் வந்த வீட்டுக்குள் காற்றும் மழையும் நுழையாது. தண்ணீர் கலந்த பாலில் வந்த வீடு ஒழுகும்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தெப்பக்குளத்தின் ஏழாவது படியில் குடியிருக்கிறார். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆறாவது படியில் செருப்பை விடுவார்கள். மழைக்காலத்தில் படியின் நடுவில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு பால்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார். மரக்கடை செல்வராணி பால் காய்ச்சிய அன்று ஒரு பூனை அதை மிதித்துக்கொண்டு தெருக்கோடிவரை போய்விட்டது. ஜெபமாலை மேடம் சலிக்காமல் குனிந்து ஒவ்வொரு காலடியாக அளந்தார். அதனால் செல்வராணிக்குக் கூடம் போக முப்பத்தொரு அறைகள். ஒவ்வொன்றும் பூனைப் பாதம் அளவு. அறைக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறாள். வீடு விற்கும் ராசாங்கம், மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகைப் படிக்கட்டின் உச்சியில் அண்டாவை ஏற்றி, எட்டுக் குடும்பத்தலைவர்களையும் ஒரே தீக்குச்சியைப் பிடிக்கவைத்து, படிக்கு ஒரு குடும்பமாக அடுக்குமாடி இறக்கினார். திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லோரும் போய்க் கைதட்டிவிட்டு வந்தோம். வளர்ச்சி என்றால் எங்களுக்குக் கொள்ளை ஆசை.

இப்படி எல்லோரும் எதிலாவது ஒன்றில் குடியேறிவிட்ட ஊரில், பால் விஷயத்தில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரரான சன்னாசி மாஸ்டருக்கு வீடு அமையவில்லை.

சன்னாசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முப்பது வருஷமாக டீ போடுகிறவர். அந்த முப்பது வருஷத்தில் ஒரு சொட்டுப் பால் பொங்கி அடுப்பில் விழுந்ததில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வடை மடித்துக் கொடுத்தாலும் சரி, கட்சிக்காரர்களோடு வாய்ச்சண்டையில் இருந்தாலும் சரி, பால் விளிம்புக்கு வரும்போது அவர் கை அங்கே இருக்கும். கடை முதலாளி இதைப் பாராட்டிப் பொன்னாடைகூடப் போர்த்தினார். அந்தப் பொன்னாடையைத்தான் சன்னாசி கடை பெஞ்சில் விரித்துப் படுத்துக்கொள்வார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மனைவி ஒச்சம்மாள் தன் அக்காள் வீட்டில் இருந்தாள். அது ஒரு பாய் அளவு. அங்கே மாப்பிள்ளை போய்த் தங்க முடியாது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்கு வருவாள். சர்க்கரை கம்மியாக ஒரு டீ குடிப்பாள். "வரேன்" என்று போய்விடுவாள். பார்க்கிறவர்களுக்கு வாடிக்கைக்காரி மாதிரி இருக்கும். ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருவர், "அந்தம்மா யாருங்க?" என்று கேட்டபோது, சன்னாசி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

முதல் தடவை இடம் கிடைத்தது அரிசி ஆலைக்குப் பின்னால். ஒச்சம்மாள் புதுச்சேலை கட்டியிருந்தாள். சொந்தக்காரர்கள் வாழைப்பழமும் சர்க்கரையுமாக வந்து சுற்றி நின்றார்கள். பால் சிலிர்த்தது, நுரைத்தது, பாத்திரத்தின் கழுத்துக்கு வந்தது. எல்லோரும் குலவையிட வாயைத் திறந்தார்கள். சன்னாசியின் கை போய்ப் பாத்திரத்தைத் தூக்கி, பாலை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி ஆற்றி, பதினாறு டம்ளர்களில் பங்கு வைத்துவிட்டது. "யாருக்குச் சர்க்கரை கம்மி?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் ஒச்சம்மாளின் முகத்தைப் பார்த்தார். சொந்தக்காரர்கள் பால் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த இடம் வரிசையில் அடுத்திருந்த தையல்காரர் தவசிக்குப் போனது.

இரண்டாவது தடவை ஒச்சம்மாளே அவர் கைகளைப் பின்னால் துண்டால் கட்டினாள். பால் கழுத்துக்கு வந்ததும் சன்னாசி குனிந்து ஊதினார். பால் அடங்கிப்போனது. மறுபடி எழும்பியது, மறுபடி ஊதினார். இப்படியே முகூர்த்தம் முடிந்தது.

மூன்றாவது தடவை கைகளோடு வாயையும் கட்டினார்கள். எல்லோருக்கும் நம்பிக்கையாக இருந்தது. பால் விளிம்பைத் தொட்ட நேரத்தில் சன்னாசியின் இடது கால் பெருவிரல் போய் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகி மூடியது. அந்த விரலுக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பது அன்றுவரை அவருக்கே தெரியாது.

கட்டை அவிழ்த்ததும் சன்னாசி சொன்னார்: "மேலருந்து கீழவரைக்கும் டீக்கடைதான் ஒச்சம்மா. எனக்குன்னு ஒரு வெரல்கூட இல்ல."

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"தம்பி திருப்பூருக்குக் கூப்பிடுறான்" என்றாள். "பனியன் கம்பெனில வேலையாம். தங்குறதுக்கு அங்கயே கட்டில் குடுக்குறாங்களாம். நாலு சொவரு இருக்காம்."

"எப்பப் போற?"

"புதன்கெழம பத்து மணி பஸ்ஸு."

"திரும்பி?"

"எங்க திரும்பி வர? அக்கா வீட்ல என் எடத்துல அவ மக படுத்துக்கிருவா."

சன்னாசி ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் கண் விழிக்கும்போது ஒச்சம்மாள் பல் விளக்கும் சத்தம் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அவளுக்கு எத்தனையோ டீ போட்டுக் கொடுத்துவிட்டார். அவள் பல் விளக்கி அவர் பார்த்ததில்லை.

நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். ஜெபமாலை மேடம் ஊர் வரைபடத்தை மேஜையில் விரித்து, பென்சிலால் தேடிப் பார்த்தார். ஊரில் காலி இடம் இனி ஒன்றுதான் இருந்தது. டீக்கடைக்கு எதிரே மெயின் ரோட்டில் இருக்கும் வேகத்தடை.

"சரிவா இருக்கேன்னு யாரும் கேக்கல" என்றார் மேடம். "ஒங்களுக்குச் சம்மதமா மாஸ்டர்?"

"சம்மதம் மேடம். பஸ்ஸு மெதுவாத்தான போகும்."

"முகூர்த்தம் புதன்கெழமதான் இருக்கு. ஒம்பதரைல இருந்து பத்தரை."

ஒச்சம்மாளிடம் போய்ச் சொன்னார். அவள் பையில் துணியை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "பஸ்ஸு வர்றதுக்குள்ள பொங்குச்சுன்னா ஏறல" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு வேகத்தடையின் ஒரு பாதியில் அடுப்பை வைத்தார்கள். வண்டிகள் மறுபாதி வழியாக ஏறி இறங்கிப் போயின. சன்னாசி அன்று தண்ணீர் ஊற்றாத பால் வாங்கியிருந்தார். முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கை ஒருமுறை சொம்பைத் தேடிப் போனது, அதட்டி மடக்கினார். இந்தத் தடவை கட்டு எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எதைக் கட்டினாலும் இன்னொன்று கிளம்பி வருகிறது, எத்தனையைத்தான் கட்டுவது?

ஆனால் கெட்டிப் பால் காய நேரமாகும். இது ஊரில் யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அன்றைக்கு மறந்துவிட்டார். பால் ஆடை கட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பால் காய்வதற்காக அவர் இத்தனை நேரம் காத்து நின்றது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்பதால், எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. ஒச்சம்மாள் பையோடு கடை வாசலில் நின்றாள். பத்து அடித்தது. திருப்பூர் பஸ் வந்து நின்றது.

அவள் பாத்திரத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் வேகத்தடையின் மறுபாதியில் முன்சக்கரத்தை ஏற்றி இறக்கியது. அந்த நேரத்தில்தான் பால் எழும்பத் தொடங்கியது. திரும்பிப் பார்க்காமலே சன்னாசிக்கு அந்தச் சத்தம் தெரிந்தது. வலது கை கிளம்பிவிட்டது. அதே சமயம் ஜன்னலுக்குள்ளிருந்து ஒச்சம்மாள் கையை வெளியே நீட்டி அசைத்தாள். அவள் ஊரைவிட்டுப் போவது அதுதான் முதல் தடவை. அதனால் அவர்கள் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்டதும் அதுவரை கிடையாது. பாத்திரத்துக்குக் கிளம்பிய கை பாதி வழியில் நின்று, மேலே போய், அவளைப் பார்த்து ஆடியது. சன்னாசிக்குக் கண் நிறைந்துவிட்டது. கை ஆடிக்கொண்டே இருந்தது.

பால் பொங்கியது. விளிம்பைத் தாண்டி, அடுப்பை அணைத்து, வேகத்தடையின் சரிவில் ஓடி, ஏறி இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. சக்கரம் அதை எடுத்துக்கொண்டு போனது.

கடையில் நின்றவர்கள் குலவையிட்டார்கள். ஜெபமாலை மேடம் டேப்பின் நுனியைச் சன்னாசியிடம் கொடுத்து, "கெட்டியாப் பிடிங்க மாஸ்டர், ஈரம் காயறதுக்குள்ள பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் பஸ்ஸின் பின்னால் போனார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. சன்னாசி நுனியைப் பிடித்தபடி வேகத்தடையில் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டை யாரோ அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். நாலு மணிக்குக் கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு டேப் நின்றது. போன் அடித்தது.

"மேடம் வந்து அளந்துட்டுப் போறாங்க" என்றாள் ஒச்சம்மாள். "பஸ்ஸ விட்டு எறங்கறப்ப சக்கரத்துத் தடத்த மிதிச்சுட்டேன் போல. பஸ் ஸ்டாண்டுலருந்து கம்பெனிக்கு நடந்து வந்த அடியெல்லாம் வெள்ளையா விழுந்திருக்கு. செல்வராணி வீட்டுப் பூனைக்கு அளந்தாப்புல ஒவ்வொண்ணா அளந்தாங்க. என் கட்டில் வரைக்கும் நம்ம வீடாம்."

"அப்ப நீ வீட்லதான் இருக்க."

"ஆமா. நீங்க எங்க இருக்கீங்க?"

சன்னாசி காலுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டார்.

"நானும் வீட்லதான் இருக்கேன்."

டேப்பின் நுனியை அப்போதுதான் கையிலிருந்து விட்டார்.

மறுநாள் மேடம் வீட்டின் படத்தை வரைந்து முத்திரை குத்திக் கொடுத்தார். அகலம் ஒரு டயர். நீளம் எழுத இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார். அடுப்பு இருந்த இடம் என்பதால் வேகத்தடையை அடுப்படி என்றும், கட்டில் இருக்கும் திருப்பூரைப் படுக்கையறை என்றும் குறித்திருந்தார். அன்றிலிருந்து அந்த ரோட்டில் வீட்டின் குறுக்கே போகிற பஸ்களில் கண்டக்டர்கள் எல்லோரையும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கல்யாண வீட்டு வேன்கள் மட்டும் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் கேட்டுவிட்டுப் போகும்.

சன்னாசி கடையில் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தார். ஒச்சம்மாளுக்குப் பிடித்த மாதிரி ஒரு டீ போட்டார். டம்ளரைத் தட்டால் மூடிக்கொண்டு படுக்கையறைக்கு நடந்தார். ஆறு நாள் ஆயிற்று. அசந்த இடத்தில் படுத்துக்கொண்டார், எங்கே படுத்தாலும் சொந்த வீடுதான். ஒட்டன்சத்திரம் பக்கம் பெரிய மழை. டயர் தடத்துக்கு இரண்டு பக்கமும் கொட்டியது, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. திருப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு ஒச்சம்மாளின் காலடிகள் வந்தன. ஒவ்வொரு அறையாகக் கால் வைத்துப் போனார்.

ஏழாம் நாள் காலையில் கடைசி அறைக்குள் கால் வைத்தபோது, அவள் பல் விளக்கும் சத்தம் கேட்டது. சன்னாசி அப்படியே நின்று, அது முடியும்வரை கேட்டார்.

ஒச்சம்மாள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து டம்ளரை வாங்கினாள். ஆவி பறந்தது. ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"சூடெல்லாம் சரியா இருக்கு" என்றாள். "சர்க்கரதான் ஒரு பொட்டு கூட."

"இரு, வேற போட்டுக் கொண்டாரேன்" என்று சன்னாசி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.