நகல் இயந்திரத்துக்கு ஓர் உறை

‘மார்ச் 11, செவ்வாய். ஒரு சின்னத் தவறு. போன வாரம் ஜெராக்ஸ் அக்காவிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.’

எழுதியதைப் படித்துப் பார்த்த தையல்காரன், ‘சின்ன’ என்ற சொல்லை மட்டும் அடித்தான். மாலை நேர வணிகவியல் வகுப்பில் இன்னும் யாரும் வந்து சேரவில்லை. வழக்கம்போல அவன்தான் முதல் ஆள்.

துணிகளைப் பிடித்தும் பிரித்தும் அளவு திருத்தித் தரும் கடை அவனுடையது. மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, படுக்கையும் அங்கேயேதான். எதிரே அக்காவின் ஜெராக்ஸ் கடை. அவனுடைய பாடக் குறிப்புகளை அவள் நகலெடுத்துத் தருவாள். அவள் பிள்ளைகள் கிழித்துக்கொண்டு வரும் சீருடையை இவன் தைத்துத் தருவான். யாரும் எதையும் எண்ணியதில்லை. துணி கொடுக்க வந்தால் முக்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்காரரின் குறட்டையில் தொடங்கி மாமியாரின் முழங்கால்வரை பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மற்றவர்கள் அவனிடம் பேசுவதெல்லாம் இடுப்பளவும் கால் நீளமும்தான்.

சென்ற மாதம் வகுப்பில் பண்டமாற்றுப் பாடம். இரண்டு பக்கமும் மதிப்புப் போட்டு நேர்செய்யாத வியாபாரம் ஓட்டை விழுந்த சட்டைப்பை என்றார் ஆசிரியர். அன்றே மதிப்புப் போட்டுப் பார்த்தான். அவன் பக்கம்தான் குறைந்தது. கூச்சம் பிடுங்கித் தின்றது. விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, அக்காவின் நகல் இயந்திரத்துக்குக் கெட்டித் துணியில் ஓர் உறை தைத்தான். ஓரமெல்லாம் இரட்டைத் தையல்.

“எதுக்குத் தம்பி இவ்வளவு?”

“கணக்குப் போட்டுப் பார்த்தேன்க்கா. நீங்கதான் நிறைய செஞ்சிருக்கீங்க. இதோட நமக்குள்ள சரியாப் போச்சு.”

அக்கா உறையைத் தடவிப் பார்த்தாள். “கணக்கு வேற போட்டியா?” என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது.

அதன்பிறகு அவள் வரவில்லை. வேலை அதிகம்போல என்று முதலில் நினைத்தான். அப்புறம், உறை ஒரு பக்கம் இறங்கிவிட்டதோ என்று எதிர்க்கடையை எட்டி எட்டிப் பார்த்தான். பக்கத்துச் சாவிக்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

“என்னடா ஊசி, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க? எவன் பேன்ட்டையாவது டவுசரா வெட்டிட்டியா?”

“இல்லண்ணே, அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

இன்று மத்தியானம் குறிப்புகளோடு அக்கா கடைக்குப் போனான். மளமளவென்று நகலெடுத்தாள். விலையைச் சொன்னாள். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதும் கிழித்துத் தந்தாள். அவளிடம் ரசீதுப் புத்தகம் இருப்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரியும். மேசைமேல் அவள் கைப்பை கிடந்தது. ஜிப் பிய்ந்து, வாயில் இரண்டு ஊக்குகள் குத்தியிருந்தன.

“குடுங்கக்கா, இப்பவே மாத்தித் தரேன்.”

“வேணாம்ப்பா, ஊக்கு நல்லாத்தான் நிக்குது. நீ தைச்சா நான் பதிலுக்கு ஏதாவது செய்யணும். நீ மறுபடி உக்காந்து கணக்குப் போடணும். உனக்கு எதுக்கு வீண் சிரமம்?”

கோபமாகச் சொல்லவில்லை. வாடிக்கைக்காரரிடம் பேசுகிற மாதிரி, நயமாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது.

திரும்பி வந்து பார்த்தால், முக்காலிமேல் துணிக்கட்டு. யாரும் உட்காராத இடம்தானே என்று இரண்டு நாளைக்கு முன் அவனே வைத்தது.

வெளியே ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் அவசரமாக எழுதினான்.

‘நாளை: முக்காலியைக் காலி செய்ய வேண்டும். இன்றைய குறிப்பை அக்காவிடம் நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். பணம் கொண்டுபோகக் கூடாது. பதிலுக்குத் தைத்தும் கொண்டுபோகக் கூடாது. “அப்புறம் பாத்துக்கலாம்க்கா” என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.’